மன உளைச்சலுக்கு ஊசி

1970-களில் நியூயார்க் நகரின் தெற்கு பிராங்க்ஸ் பகுதியில் தெருவுக்குத் தெரு எரிந்துபோன கட்டடங்கள் நின்றன. வேலைவாய்ப்பு வற்றியிருந்தது, ஹெராயின் மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அங்கிருந்த லிங்கன் மருத்துவமனையின் நிலைமை பார்க்கச் சகிக்காது. 1970-ல் ‘யங் லார்ட்ஸ்’ என்ற போர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பினர் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து, எங்கள் மக்களுக்கும் மரியாதையான வைத்தியம் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் போராட்டங்களின் விளைவாக, போதைக்கு அடிமையானவர்களை மீட்கும் பிரிவு ஒன்று அங்கே தொடங்கியது.

அடுத்த சில ஆண்டுகளில் ஹாங்காங்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. எச்.எல். வென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், அபின் பழக்கம் கொண்ட ஒரு நோயாளிக்கு அறுவைக்கு முன் வலி மரத்துப்போவதற்காக ஊசிகளைச் செருகி, அவற்றின் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தியிருந்தார். அபின் கிடைக்காததால் உடம்பில் இருந்த நடுக்கமும் தவிப்பும் அடங்கிவிட்டதாக அந்த நோயாளியே சொன்னார். வென் இதை மற்ற நோயாளிகளிடமும் சோதித்து 1973-ல் வெளியிட்டார். லிங்கன் மருத்துவமனைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாளடைவில் மின்சாரத்தைக் கைவிட்டு, காதில் ஐந்து புள்ளிகளில் வெறும் ஊசிகளை மட்டும் வைக்கும் முறைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே பணியாற்றிய மைக்கேல் ஸ்மித் என்ற மருத்துவர் 1985-ல் இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தார். அதன் சுருக்கப் பெயர் ‘நாடா’. அந்த ஐந்து ஊசி முறைக்கும் இன்று அதே பெயர்தான்.

அந்த அறையைக் கற்பனை செய்து பாருங்கள். பலர் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் கதை கேட்பதில்லை, அறிவுரை சொல்வதில்லை. காது மடலின் மேல்பகுதியில் இருக்கும் முக்கோணக் குழிவில் ஒரு ஊசி. காதுத் துளையைச் சுற்றியுள்ள கிண்ணம் போன்ற பள்ளத்தில் மூன்று. மடலின் மடிப்புக்கு அடியில் ஒளிந்தாற்போல் இன்னொன்று. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை.

போதை மீட்புக்காகத் தொடங்கிய இந்த முறை, பின்னர் வேலையால் நொந்துபோனவர்களிடமும் வந்து சேர்ந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, மன்ஹாட்டனில் இருந்த செயின்ட் வின்சென்ட் மருத்துவமனையில் தீயணைப்பு வீரர்களும் மீட்புப் பணியாளர்களும் மருத்துவ ஊழியர்களும் வந்து காதில் ஊசி வைத்துக்கொண்டு அமர்ந்தார்கள். பின்னர் பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் செவிலியர் உள்ளிட்ட ஊழியர்களிடம் இதே முறையைச் சோதித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. பதற்றம் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். சிறிய ஆய்வு, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டு ஒப்பிட்டது. எது அவர்களைத் தணித்தது? ஊசியா, அந்த முக்கால் மணி நேரமா? இந்த அத்தியாயம் முழுக்க நாம் துரத்தப்போவது இந்தக் கேள்வியைத்தான்.

முதலில், தணிய வேண்டியது எது என்று பார்த்துவிடலாம். இரவு பதினொரு மணிக்கு மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வருகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அதைப் பெற்றுக் கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. அதற்கும் முன்பே அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு படபடக்கத் தொடங்கியிருக்கும். ஓடித் தப்பிக்கவோ எதிர்த்துச் சண்டையிடவோ அமைந்த ஏற்பாடு இது. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓடவும் முடியாது, சண்டையிடவும் முடியாது. கார்ட்டிசால் இயல்பாகக் காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ வேண்டும். தினமும் இரவில் உசுப்பினால் அந்த ஒழுங்கு கலைகிறது. தூக்கம் மெலிகிறது, கழுத்தும் தோளும் இறுகிக் கல்லாகின்றன. மாண்ட்ரியலில் ஆய்வு செய்த ஹான்ஸ் செலி 1936-ல் எலிகளை விதவிதமான துன்பங்களுக்கு உள்ளாக்கியபோது, துன்பம் எதுவானாலும் அட்ரினல் வீங்கி, தைமஸ் சுருங்கி, வயிற்றில் புண் வந்ததைக் கண்டார். உடம்புக்குக் காரணம் வேறு வேறாக இருந்தாலும் விளைவு ஒன்றாகவே வந்தது.

இனி ஊசிக்கு வருவோம். அக்குபங்சர் ஊசியைக் கையில் வைத்துப் பார்த்தால் முதலில் வியப்பது அதன் மெல்லிய தன்மையைத்தான். பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் தடிமன். தடுப்பூசி போடும் ஊசி இதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. அந்த ஊசிக்கு உள்ளே துளை உண்டு, முனை சாய்வாக வெட்டப்பட்டுச் சதையை அறுத்துக்கொண்டு போகும். அக்குபங்சர் ஊசி துளையில்லாத கம்பி. முனை கூம்பாக இருப்பதால் திசுக்களை விலக்கிக்கொண்டு இறங்கும். ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைத் தோலில் அழுத்தி வைத்து, அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசியின் தலையைச் சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பலருக்கு ஊசி இறங்கியதே தெரிவதில்லை.

இந்த மென்மை புதியது. சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், கி.மு. 113-ல் இறந்த லியு ஷெங் என்ற இளவரசரின் கல்லறையை 1968-ல் தோண்டியபோது தங்க ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் கிடைத்தன. பழைய மருத்துவ நூல்கள் ஒன்பது வகைக் கருவிகளை வர்ணிக்கின்றன. அவற்றில் சில சீழையும் ரத்தத்தையும் வெளியேற்றும் சிறு கத்திகள். 1822-ல் சிங் பேரரசர் தம் அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவர் செங் தான்-ஆன். அவர் நவீன உடற்கூறியல் படித்தவர். ரத்தக் குழாய்களின் மேல் இருந்த புள்ளிகளை நரம்புகளின் பக்கம் நகர்த்தி வைத்தார். தடித்த ஊசிகளுக்குப் பதிலாக மெல்லிய ஊசிகளைப் பரப்பினார். ஐயாயிரம் ஆண்டுப் பழைமை என்று விளம்பரப் பலகைகளில் காண்கிறோம். குளிரூட்டிய அறையில், மெத்தையில் படுத்து, மெல்லிய ஊசிகளோடு கண்ணயரும் இந்தச் சிகிச்சையின் வயது நூறு ஆண்டுகூட இருக்காது. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை. பழைமையைக் காட்டி நம்பச் சொல்வதை மட்டும் நாம் ஏற்க வேண்டியதில்லை.

ஊசி இறங்கிய பிறகு நிபுணர் அதை விரல்களுக்கிடையில் லேசாகச் சுழற்றுவார். அப்போது ஒரு மந்தமான கனம், இழுப்பு, மதமதப்பு பரவும். சீன மருத்துவர்கள் இதைத் ‘தே-சி’ என்கிறார்கள். இது வந்தால்தான் ஊசி வேலை செய்கிறது என்பது அவர்கள் கணக்கு. நோயாளி இதை உணரும் அதே நேரத்தில், யாரோ உள்ளேயிருந்து ஊசியைப் பற்றிக்கொண்டதைப்போல் மருத்துவரின் விரலும் உணரும். அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லாஞ்செவின் 2001-ல் இந்தப் பிடியை அளந்தார். ஊசியை ஒரே திசையில் சுழற்றியபின் வெளியே இழுக்கத் தேவைப்பட்ட விசை, சுழற்றாத ஊசிக்குத் தேவைப்பட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தக்ளியில் நூல் சுற்றுவதுபோல், தோலுக்கு அடியிலுள்ள இணைப்புத் திசுவின் கொலாஜன் இழைகள் ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன என்று திசுவை நுண்ணோக்கியில் பார்த்து விளக்கினார். இழைகள் இழுபட, அவற்றோடு ஒட்டியிருக்கும் செல்களும் நரம்பு முனைகளும் அசைகின்றன. இந்தப் பிடி அக்குபங்சர் புள்ளிகளில் சற்றுக் கூடுதலாக இருந்தது. புள்ளி அல்லாத இடங்களிலும் இருக்கத்தான் செய்தது. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நரம்பு அசைந்தால் மூளைக்குச் செய்தி போகும். அங்கே என்ன நடக்கிறது? இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் வலியை ஆராய்ந்தவர்கள். 1971 ஜூலையில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அழற்சிக்கு ஆளானார். அறுவை வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் நடந்தது. அறுவைக்குப் பிறகு வயிற்றில் வந்த உபாதைக்குத்தான் அக்குபங்சர் செய்தார்கள். அவர் எழுதிய கட்டுரை மேற்கு நாடுகளின் ஆய்வுக்கூடங்களை உசுப்பிவிட்டது. 1976-ல் டொரொண்டோவில் புரூஸ் பொமெரான்ஸ் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார்: நலாக்சோன் கொடுத்துவிட்டால் அக்குபங்சரின் வலி நீக்கும் விளைவு போய்விடுகிறது. நலாக்சோன் என்பது மார்ஃபின் போன்றவற்றின் செயலைத் தடுக்கும் மருந்து. அப்படியானால் ஊசி, உடம்பிலேயே ஊறும் எண்டார்ஃபின்களை வெளிக்கொண்டு வருகிறது என்று பொருள். பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் இன்னும் ஆழமாகப் போனார். ஊசி வழியே செலுத்தும் மின்துடிப்பின் வேகத்தைப் பொறுத்து வெவ்வேறு பொருள்கள் சுரக்கின்றன: விநாடிக்கு 2 துடிப்பு என்றால் என்கெஃபாலின், 100 துடிப்பு என்றால் டைனார்ஃபின்.

வலியும் உளைச்சலும் ஒன்றல்ல. ஆனாலும் அவை உடம்புக்குள் நெருங்கிய உறவினர்கள். உளைச்சலின்போது பிட்யூட்டரி விடும் ஏசிடிஎச்சும், வலியைத் தணிக்கும் பீட்டா எண்டார்ஃபினும் ஒரே தாய்ப் புரதத்திலிருந்து வெட்டியெடுக்கப்படுபவை. பாஸ்டனில் கேத்லீன் ஹூய் குழுவினர் 2000-ல் வெளியிட்ட மூளைப் படங்களும் இதையொட்டியே பேசின. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட ‘ஹெகு’ புள்ளியில் ஊசியைச் சுழற்றி, அந்த மந்தமான கனத்தை உணர்ந்தவர்களின் மூளையில், பயத்தின் உறைவிடமான அமிக்டலா உள்ளிட்ட பகுதிகள் அடங்கின. சுரீரென்று வலித்தவர்களின் மூளையிலோ எதிர்மாறாக நடந்தது. ஊசி குத்தினால் போதும் என்பதில்லை, அது எப்படி உணரப்படுகிறது என்பது முக்கியம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் லடன் எஷ்கெவாரி எலிகளைத் தொடர்ந்து குளிரில் வைத்து உளைச்சலுக்கு உள்ளாக்கினார். முழங்காலுக்குக் கீழே உள்ள ‘சூசான்லி’ புள்ளியில் மின்-அக்குபங்சர் பெற்ற எலிகளிடம் உளைச்சல் ஹார்மோன்களின் உயர்வு தடுக்கப்பட்டதை 2013-ல் எழுதினார்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்த ஆய்வு ஹார்வர்டில் சியுஃபூ மா குழுவினர் 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. எலியின் பின்னங்காலில் அதே சூசான்லி புள்ளியில் மிக மெல்லிய மின்சாரம், அரை மில்லி ஆம்பியர், செலுத்தினார்கள். செய்தி தண்டுவடம் வழியாக மூளைத் தண்டுக்குப் போய், வேகஸ் நரம்பு வழியே இறங்கி, அட்ரினல் சுரப்பியை அடைந்து, உடல் முழுவதும் பரவியிருந்த அழற்சியைக் குறைத்தது. வயிற்றில் ஒரு புள்ளியில் அதே அளவு மின்சாரம் செலுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஏன் காலில் நடக்கிறது, வயிற்றில் நடப்பதில்லை? காலின் ஆழ்திசுவில் மட்டும் ஒரு குறிப்பிட்ட வகை உணர்வு நரம்பு செல்கள் கிளைவிட்டிருக்கின்றன. வயிற்றுச் சுவரின் ஆழ்திசுவில் அவை இல்லை. அந்தச் செல்களை நீக்கிய எலிகளிடம் காலில் ஊசி வைத்தும் பயனில்லை. அந்தச் செல்களை மட்டும் ஒளியால் தூண்டியபோது ஊசியே இல்லாமல் விளைவு கிடைத்தது. 

இதன் அழகு என்னவென்றால், எங்கே குத்த வேண்டும் என்ற பழைய கேள்விக்கு நரம்பியல் ஒரு விடை தருகிறது. ‘சி’ என்னும் உயிராற்றல் ஓடும் பாதைகளை யாரும் உடலில் கண்டதில்லை. வேகஸ் நரம்பைக் கத்தியால் வெட்டிப் பார்க்கலாம், அளக்கலாம். தொடக்கத்தில் பார்த்த காது ஊசிகளில் மூன்று விழும் பள்ளம் இருக்கிறதே, வேகஸ் நரம்பு உடம்பின் மேற்தோலை வந்து தொடும் இடம் காதுதான். லிங்கன் மருத்துவமனையின் முறைக்கு இது ஒரு நியாயம் ஆகலாம். ஆனால் எலியின் அழற்சிக்கும் மனிதரின் ஞாயிற்றுக்கிழமை இரவுக் கலக்கத்துக்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கிறது. மின்சாரம் செலுத்திய ஊசிக்குச் சொன்னது, சும்மா வைத்த ஊசிக்குப் பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

மனிதர்களிடம் சோதித்தால் என்ன ஆகிறது? அங்கேதான் சங்கடம். மாத்திரையைச் சோதிக்கச் சர்க்கரை மாத்திரை போதும். ஊசியைச் சோதிக்கப் போலி ஊசி வேண்டும். ஹைடல்பர்க்கைச் சேர்ந்த கொன்ராட் ஸ்ட்ரைட்பெர்கர் 1998-ல் அப்படியொன்றைச் செய்தார்: முனை மழுங்கியது, தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் உள்வாங்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கு ஊசி இறங்கியதாகவே தோன்றும். வேறு சில ஆய்வுகளில், புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள். ஜெர்மனியில் 1,162 முதுகுவலிக்காரர்களிடம் நடந்து 2007-ல் வெளியான சோதனை இந்த இரண்டாம் வகை. சரியான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். போலி அக்குபங்சர் பெற்றவர்களில் 44.2 சதவீதம். மருந்து, உடற்பயிற்சி முதலிய வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான்.

இந்த மூன்று எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. அக்குபங்சரை வெறுப்பவர்கள் முதல் இரண்டு எண்களைக் காட்டி, எல்லாம் ஏமாற்று என்கிறார்கள். விரும்புபவர்கள் முதலாவதையும் மூன்றாவதையும் காட்டி, நவீன மருத்துவத்தையே வென்றுவிட்டோம் என்கிறார்கள். இரண்டு பேரும் ஓர் எண்ணை மறைத்துத்தான் பேசுகிறார்கள். லாஞ்செவின் அளந்த பிடி புள்ளி அல்லாத இடத்திலும் இருந்ததே, அதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தவறான இடத்தில் குத்தினாலும் அதுவும் ஊசிதான், நரம்பு அதையும் உணரும். பின்னர் நாள்பட்ட வலி குறித்த 39 சோதனைகளின் 20,827 நோயாளிகளுடைய தரவுகளை ஆண்ட்ரூ விக்கர்ஸ் குழுவினர் 2018-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். உண்மை ஊசி போலி ஊசியைவிடச் சற்று மேல், தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்கு. அந்தச் ‘சற்று’ சிறியது.

வேலை உளைச்சலில் நிலைமை இன்னும் மங்கலானது. வலியாவது ஓர் இடத்தில் இருக்கிறது. உளைச்சலை அளக்கப் பெரும்பாலும் பயன்படுவது 1983-ல் ஷெல்டன் கோஹன் உருவாக்கிய கேள்வித்தாள்: கடந்த ஒரு மாதத்தில் எவ்வளவு அடிக்கடி காரியங்கள் கைமீறிப் போவதாக உணர்ந்தீர்கள் என்ற ரீதியில் கேள்விகள். மாதக் கடைசியில் நிரப்பினால் ஒரு மதிப்பெண், திட்டம் முடிந்த மறுநாள் நிரப்பினால் வேறு மதிப்பெண். சோதனைகளும் சிறியவை. இதற்கு அருகில் வரும் பெரிய சோதனை மனச்சோர்வு பற்றியது. இங்கிலாந்தில் ஹ்யூ மெக்பெர்சன் குழுவினர் 755 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியிட்டார்கள். வழக்கமான மருத்துவத்தோடு அக்குபங்சரும் பெற்றவர்கள், மனநல ஆலோசனையும் பெற்றவர்கள் ஆகிய இரு சாராரும் மூன்று மாதத்தில், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களைவிட மேம்பட்டிருந்தார்கள். ஊசியும் பேச்சும் கிட்டத்தட்டச் சமம்.

ஊசிக்கும் பேச்சுக்கும் பொதுவானது என்ன? ஒரு மனிதர் இன்னொருவருக்காக ஒதுக்கும் நேரம். ஹார்வர்டின் டெட் கப்சுக் இதைத் தனியே பிரித்துக் காட்டினார். குடல் உபாதை கொண்ட 262 பேரை மூன்று குழுவாக்கினார். முதல் குழு காத்திருந்தது. 28 சதவீதம் பேர் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குப் போலி ஊசி, வைத்தவர் அதிகம் பேசவில்லை; 44 சதவீதம். மூன்றாம் குழுவுக்கும் அதே போலி ஊசிதான். ஆனால் வைத்தவர் முதல் நாளில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, எப்போது தொடங்கியது, இதனால் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டு, பரிவோடு செவிமடுத்தார். 62 சதவீதம். 2008-ல் வந்த இந்த ஆய்வில் ஓர் ஊசிகூட யாருடைய தோலையும் துளைக்கவில்லை.

என் கருத்து இதுதான். வேலையால் உளைச்சல் அடைந்தவருக்கு அக்குபங்சர் செய்வது உண்மையான உதவி. அதில் ஒரு பங்கு ஊசி நரம்பின் வழியே செய்வது. பெரும்பங்கு, அந்த நேரத்தில் அவர் எழுந்து போக முடியாமல் படுத்திருப்பதும், கைபேசி எட்டாத தூரத்தில் இருப்பதும், ஒருவர் அவரது உடம்பைத் தொட்டு அக்கறையோடு விசாரிப்பதும் செய்வது. கை முழுக்க ஊசியோடு படுத்திருப்பவர் மின்னஞ்சலுக்குப் பதில் எழுத முடியாது. பகலில் அவருக்கு இப்படியொரு அரை மணி நேரத்தை வேறு யாரும் தருவதில்லை. இதை ‘வெறும் மனப்பிரமை’ என்று ஒதுக்குவது, உளைச்சல் எதனால் ஆனது என்பதையே மறந்து பேசுவதாகும்.

அதனால்தான் அலுவலகத்தின் பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிட மும்மடங்கு விகிதத்தில் இறந்தார்கள். பின்னர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வில், தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் தனக்கு எந்தப் பிடியும் இல்லாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று தெரிந்தது. வேலைப் பளு கூடி அதிகாரம் குறைந்திருக்கும் இருக்கைதான் ஆளை அதிகம் வாட்டுகிறது என்று ராபர்ட் கராசெக் 1979-லேயே வாதிட்டிருந்தார். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதால் 2016-ல் மட்டும் உலகில் சுமார் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் கணக்கிட்டன. வேலையால் எரிந்து அடங்கிப்போகும் நிலையை அதே சுகாதார நிறுவனம் நோய் என்று சொல்லவில்லை. பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றே 2019-ல் வகைப்படுத்தியது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கொரு முறை நலவாழ்வு நாள் கொண்டாடி, ஊழியர்கள் காதில் ஊசி வைத்துவிட்டு, மறுநாள் பழையபடி இரவு பதினொரு மணிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அது ஊழியருக்குச் செய்யும் அநீதி. ஊசி அட்ரினல் சுரப்பியிடம் பேசும், மேலாளரிடம் பேசாது.

நம் பக்கத்துக்கு இந்த வைத்தியம் வந்த கதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1938-ல் சீனாவுக்குப் போன இந்திய மருத்துவக் குழுவில், டாக்டர் கோட்னிஸோடு சென்றவர் வங்காளத்தைச் சேர்ந்த பிஜய் குமார் பாசு. அவர் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்று, 1959-ல் கொல்கத்தாவில் தொடங்கினார். கொழும்பில் அன்டன் ஜயசூரிய களுபோவில அரசு மருத்துவமனையில் நடத்திய சிகிச்சைப் பிரிவு பல நாட்டு மாணவர்களை ஈர்த்தது. தமிழ்நாட்டில் இப்போது பரவலாக இருப்பது வேறொரு வடிவம்: ஊசியே இல்லாமல், நாடி பார்த்து, ஒரு புள்ளியை விரலால் சில விநாடி தொட்டு அனுப்பும் ‘அக்கு ஹீலர்’ முறை. மேலே சொன்ன ஊசி ஆய்வுகள் எதையும் அதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. தொடுதலும் கனிவான பேச்சும் நிம்மதி தருவது இயல்பு. ஆனால் அவர்களில் சிலர், பிபி மாத்திரையை நிறுத்துங்கள், இன்சுலினைத் தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. உளைச்சலில் உழலும் நாற்பது வயதுக்காரருக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் இருக்க வாய்ப்பு அதிகம். பிபி மாத்திரையை நிறுத்தியதும் பல நேரங்களில் உடனே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. சேதம் சத்தமில்லாமல் நடக்கும்.

முறையாகப் பயின்றவர் கையில் ஊசி பாதுகாப்பானது. ஜெர்மனியில் 2,29,230 நோயாளிகளைக் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், 8.6 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு பக்கவிளைவு இருந்தது. பெரும்பாலும் சிறு ரத்தக்கட்டு, ரத்தக் கசிவு, வலி. இருவருக்கு மட்டும் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது. அபூர்வம்தான், ஆனால் உளைச்சலோடு போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. கணினி முன் உட்கார்ந்து இறுகிப்போகும் தோள்முகட்டில்தான் ஊசி வைக்கச் சொல்லி அவர் கேட்பார். அந்த இடத்தில் தோலுக்கும் நுரையீரல் உச்சிக்கும் இடையில் இருக்கும் ஆழம், ஒல்லியானவர்களுக்கு மிகக் குறைவு. ஊசி வைத்தபின் மூச்சுத் திணறலோ நெஞ்சில் குத்தலோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

போவது என்று முடிவு செய்தால், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகளின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் இருப்பவர்கள் மின்-அக்குபங்சரைத் தவிர்க்க வேண்டும். வெறும் வயிற்றில் போனால் மயக்கம் வரலாம். மெக்பெர்சனின் சோதனையில் வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதிகபட்சம் 12 அமர்வுகள் திட்டமிட்டிருந்தார்கள். அதில் பாதி முடியும்போதே தூக்கத்திலும் கழுத்திலும் ஏதாவது மாற்றம் தெரிகிறதா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளலாம். தெரியாவிட்டால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலையில் விழித்துக்கொண்டு, இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் இருண்டு கிடந்தால் அதை வேலை டென்ஷன் என்று நினைத்து ஊசிக்குப் போகாதீர்கள். முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் எந்த நேரமும் பேசலாம்.